நாக்கில் படாத உப்பு

மலாயாவில், பெக்கோக்கிலிருந்து மாட்டுவண்டிப் பாதையில் உள்ளே போனால் வருகிற எஸ்டேட்டில்தான் அப்போது நாங்கள் எல்லாரும் இருந்தோம். ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்குகிற கட்டடத்தை ஸ்டோர் என்போம். அதற்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள்ளே ஒரு பாய்லர். அந்தப் பாய்லருக்கு விறகு தள்ளியவர்தான் செல்லப்பண்ணன்.

ஆள் நல்ல உயரம், கறுப்பு. சிரித்தால் கொட்டகைக்கு வெளியே கேட்கும். அடுப்பு வாயைத் திறந்தால் நாங்களெல்லாம் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவோம். அவர் மட்டும் அதன் எதிரே நின்று, "என்னடா, மாமியார் முகமா இது, பாக்கவே பயப்படுறீங்க" என்பார். வேட்டியைப் பிழிந்தால் வேர்வை ஓடும்.

அவருக்கு நாங்கள் குடியிருந்த லயத்தில் ஒரு பட்டப்பேர் உண்டு. உப்புக்கண்டம். கஞ்சியில் உப்பைக் கைநிறைய அள்ளிப் போடுவார். மாங்காய், கொய்யாக்காய், அன்னாசி எதுவானாலும் உப்பு வேண்டும். அவர் மனைவி தனலெட்சுமி அண்ணி சோற்றை வைத்துவிட்டு நிமிர்வதற்குள், வாயில் வைக்காமலே, "உப்பு பத்தலை" என்பார்.

"முதல்ல தின்னுட்டுச் சொல்லுங்க."

"உன் முகத்தப் பாத்தாலே தெரியுது, பத்தலைன்னு."

இப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாள் உப்பை விட்டார்.

அவர்களுடைய ஒரே பெண் ராஜம்மாவுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. கல்யாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்த குழந்தை. கண் செருகி, கைகால் சில்லிட்டுப் போய்விட்டது. எஸ்டேட்டில் வைத்தியம் பார்க்கிற டிரஸர் ஐயா கொயினா மருந்து கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். செல்லப்பண்ணன் எஸ்டேட் முருகன் கோயில் வாசலில் போய் விழுந்தார். "முருகா, பிள்ளையக் குடு. தைப்பூசத்துக்கு உனக்குக் காவடி எடுக்கிறேன். மார்கழி பிறந்ததுலேருந்து நான் காவடிய இறக்கி வைக்கிற வரைக்கும் என் நாக்குல உப்புப் படாது" என்று சத்தம் போட்டு வேண்டிக்கொண்டார். கோயில் பண்டாரம் ஐயாசாமி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

குழந்தை பிழைத்தது. கொயினாதான் காப்பாற்றியது என்றார் டிரஸர் ஐயா. முருகன்தான் என்றார் செல்லப்பண்ணன். கொயினாவைக் கொடுத்த கையும் அவன் கைதானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மார்கழி பிறந்ததும் மாலை போட்டார். மற்றவர்கள் கவிச்சியை விட்டார்கள். இவர் அதோடு உப்பையும் விட்டார். பச்சரிசிச் சோறு, வாழைப்பழம், வெல்லம், கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீர். முதலில் முகம் கோணியது. பிறகு பழகிவிட்டது. ஆனால் பாய்லர் யாருக்கும் மாலை போட்டுக்கொண்டு விரதம் இருப்பதில்லையே. அது எப்போதும்போல எரிந்தது. இவரும் எப்போதும்போல வேர்த்தார். தாகம் எடுத்தது. குடித்தார். குடிக்கக் குடிக்க இன்னும் எடுத்தது. தண்ணீர்ப் பானையைக் கொட்டகைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் தலைசுற்றல், வாந்தி வருகிற மாதிரி ஒரு புரட்டல். விறகைத் தூக்கினால் கெண்டைக்காலில் சுண்டி இழுத்தது.

"விரதம்னா சும்மாவா? உடம்பு கொஞ்சம் கேக்கத்தான் செய்யும்" என்று சிரித்துக்கொண்டார்.

பொங்கல் போய் மறுபடி ஸ்டோர் ஓடத் தொடங்கிய நாள். நல்ல உச்சி வெயில். கொட்டகைக்குள்ளிருந்து ஒரு அலறல். ஓடிப் பார்த்தால் செல்லப்பண்ணன் மண்ணில் கிடக்கிறார். வயிற்றுச் சதை ஒரு பந்துபோல எழும்பி நிற்கிறது. கால் முறுக்கிக்கொண்டு, உடம்பு வில்லாக வளைந்து, மூச்சு தஸ்ஸு புஸ்ஸென்று போய்வருகிறது. கைவிரல்கள் எல்லாம் ஒன்றுகூடிக் குவிந்து மடங்கிவிட்டன.

தகடு கழுவுகிற காளியம்மா முதலில் வந்துவிட்டாள். மாலை போட்ட மனுஷன், உடம்பு முறுக்குகிறது, விரல் மடங்குகிறது. அவளுக்கு வேறென்ன தோன்றும்?

"வந்துட்டான்! ஐயா வந்துட்டான்! விபூதி கொண்டாங்க!"

யாரோ விபூதி கொண்டுவந்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். காளியம்மா மண்டியிட்டுக் கும்பிட்டு, "யாரு வந்திருக்கிறது? பேரைச் சொல்லுங்க சாமி!" என்றாள்.

"காலு... காலு..." என்று முனகினார் செல்லப்பண்ணன்.

"காளி! காளியாத்தா வந்திருக்கா!"

"முருகனுக்கு மாலை போட்டவன் மேல காளி எப்படி வரும்?" என்று ஒருத்தன் கேட்டான்.

"பெத்தவ வரமாட்டாளா? மகனுக்குச் செய்யிறது சரியா நடக்குதான்னு பாக்க வந்திருக்கா. சும்மா இரு!"

"தண்ணி..." என்றார் செல்லப்பண்ணன்.

"ஆத்தா தண்ணி கேக்குறா!"

குடத்தோடு வந்தது தண்ணீர். சாமி கேட்டால் அளந்தா கொடுப்பார்கள்? ஊற்றினார்கள். அவரும் தாகத்தில் மடமடவென்று குடித்தார். குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தார். முன்னைவிட இரண்டு பங்காக முறுக்கியது. மூச்சு இன்னும் வேகமானது, விரல் இன்னும் இறுகியது.

"முத்திரை காட்டுது பாருங்க!" என்றாள் காளியம்மா, கண்ணில் நீர் வழிய.

பொறுக்க முடியாமல் செல்லப்பண்ணன் கத்தினார். "அடியே காளியம்மா! சாமியும் இல்ல பூதமும் இல்ல! எனக்கு நரம்பு இழுக்குதுடி!"

காளியம்மா, "ஆத்தா என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டா!" என்று அவர் காலிலேயே விழுந்து கெண்டைக்காலை இறுகக் கட்டிக்கொண்டாள். அவர் போட்ட சத்தத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, இது அருள் இல்லை என்று. நாங்கள் நாலைந்து பேர் சாக்கில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். குலவை பாதி வழிவரைக்கும் கூடவே வந்தது.

எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸர் சோமசேகரம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் தவறாமல் மூன்று கோடு. ஆரவாரமெல்லாம் அவருக்குப் பிடிக்காது. காலையில் தேவாரம் முணுமுணுப்பதோடு சரி. பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து செல்லப்பண்ணனின் மார்பில் கையை வைத்தார்.

"ஐசே, மெல்ல மூச்செடும். மெல்ல விடும். ஓடவேண்டாம், ஒருத்தரும் துரத்தேல்லை. ஓம், அப்பிடித்தான்."

மூச்சு நிதானப்பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடங்கிய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. விடாமல் கூடவே வந்திருந்த காளியம்மா, "ஆத்தா மலையேறிட்டா" என்றாள். டிரஸர் ஐயா அவளை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் வயிறும் காலும் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருந்தன.

"என்ன சாப்பிடுறனீர்?"

சேதி கேட்டு ஓடிவந்த தனலெட்சுமி அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். உப்பு என்ற இடத்தில் டிரஸர் ஐயா எழுந்தே விட்டார்.

"பாய்லரிலே நிக்கிற மனுசன் உப்பு விடுறதோ? உமக்கென்ன விசரே?"

பிறகு அண்ணியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "பிள்ளை, நீர் ரசம் வைக்கிறனீர்தானே. தண்ணி, உப்பு, புளி, மூண்டும் அளவா இருக்கவேணும். ரத்தமும் அப்பிடித்தான். வேர்வையிலே உப்புப் போகுது. இவர் வெறும் தண்ணியா ஊத்திக்கொண்டே இருக்கிறார். ரசம் நீர்த்துப் போச்சு. அதுதான் சதை முறுக்குது. பயத்திலே மூச்சை இரைச்சு இரைச்சு விட்டால் புளிப்பும் போயிடும். விரல் மடங்கினது அதாலதான். கப்பலிலே கரி தள்ளுற ஆட்களுக்கும் இப்பிடி வாறதெண்டு புத்தகத்திலே கிடக்கு. உப்புத் தண்ணி குடிச்சால் நிக்கும்."

"குடிக்க மாட்டேன்" என்றார் கட்டிலில் கிடந்த செல்லப்பண்ணன்.

இதற்குள் பண்டாரமும் விபூதித் தட்டோடு வந்து சேர்ந்தார். சொன்னால் நம்பமாட்டார்கள், கண்ணால் காட்டவேண்டும் என்று டிரஸர் ஐயா நினைத்தார் போல. கண்நோய்க்கு விடுகிற வெள்ளி மருந்தை எடுத்தார். இரண்டு கண்ணாடிக் குழாயும் எடுத்தார். செல்லப்பண்ணனுடைய மூத்திரம் ஒன்றில். மற்றொன்றை நீட்டி, "பண்டாரம், நீரும் கொஞ்சம் தாரும்" என்றார்.

"நானா? சிவசிவா! எனக்கு ஒண்ணும் இல்லீங்களே!"

"அதுதான் வேணும். ஒண்டும் இல்லாத ஆளினது."

பண்டாரம் வெட்கப்பட்டுக்கொண்டு மறைவாகப் போய்க் கொண்டுவந்தார். மருந்தைச் சொட்டுவிட்டார் டிரஸர் ஐயா. பண்டாரத்துடையது அப்படியே ரப்பர் பால்மாதிரி வெளுத்தது. செல்லப்பண்ணனுடையது ஊற்றுத் தண்ணீர்போலத் தெளிவாகவே நின்றது.

"அலமாக்! பண்டாரம், ராத்திரி கருவாடா?" என்றாள் காளியம்மா.

"ஊறுகாய்! ஊறுகாய்தான்!" என்றார் அவர்.

"உப்பு இருந்தால் வெளுக்கும். இவருக்கு வெளியிலே விட உப்பே இல்லை. உடம்பு இருக்கிறதை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. விளங்குதோ?"

எங்களுக்கு விளங்கியது. ஆனால் டிரஸர் ஐயா நினைத்த விதத்தில் இல்லை. செல்லப்பண்ணன் முறுக்கிய வயிற்றோடு தலையைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா! என் விரதம் எப்படி இருக்குன்னு பாத்தீங்களா! ஒரு பொட்டு இல்ல!"

"வெள்ளைக்காரன் மருந்தே சாட்சி சொல்லிருச்சு" என்று பண்டாரம் அவர் நெற்றியில் விபூதி பூசினார். காளியம்மா மறுபடி குலவையிட்டாள். டிரஸர் ஐயா குழாயைக் கீழே வைத்துவிட்டு ஊசிப் பெட்டியை எடுத்தார்.

"குடிக்கவேண்டாம். ஊசியாலே ஏத்துறன். கையிலே குத்தினால் நேரே ரத்தத்திலே போயிடும். நாக்கிலே படாது" என்றார்.

அதில் ஒரு வழி இருக்கிற மாதிரித் தெரிந்தது. பண்டாரமும் தலையாட்டினார். வேண்டுதலைக் காதால் கேட்டவர் அவர். "நாக்குல படாதுன்னுதான் சொன்ன. கையைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

செல்லப்பண்ணன் யோசித்தார். "டிரஸர் ஐயா, ரத்தம் உடம்பெல்லாம் ஓடுதுல்ல. அது வழியா உப்பு நாக்குக்கு வந்துட்டா?"

டிரஸர் ஐயா பொய் சொல்லத் தெரியாதவர். "ஐசே, உம்முடைய நாக்கிலே எப்பவும் உப்புக் கிடக்கு. எச்சிலிலே உப்பு. வேர்வையிலே உப்பு. கண்ணீரிலேயும் உப்புத்தானே."

அவ்வளவுதான். செல்லப்பண்ணன் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. பாய்லர் முன்னால் வேர்வை உதட்டில் வழிந்திருக்கிறது, துடைக்கக்கூட இல்லை. பூசையில் நின்று அழுதிருக்கிறார், கண்ணீர் வாய்க்குள் போயிருக்கிறது. "அப்ப எல்லாமே போச்சா? முதல் நாள்லேருந்தே போச்சா?" என்று குழந்தையைப் பார்த்தார். உப்பு அவருக்குப் பெரிசில்லை. வாக்குத் தப்பினால் கொடுத்த பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்வானோ என்பதுதான் பயம். அந்தப் பயத்தில் மறுபடி மூச்சு வாங்கத் தொடங்கியது, விரல் மடங்கத் தொடங்கியது.

பண்டாரம் மறுபடி விபூதியை எடுத்தார். டிரஸர் ஐயா உண்மையைச் சொல்லிவிட்டு விழித்தார்.

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க, அறிவு இருக்கா உங்களுக்கு? கண்ணுக்குள்ள உப்ப நீங்களா கொண்டு போய் வச்சீங்க? பிறக்கும்போதே அவன் வச்சு அனுப்பினது. நீங்க கையால அள்ளிப் போட்டுக்கிறதத்தான் விட்டீங்க. அவன் வச்சத விடுறேன்னு சொல்ல நீங்க யாரு? அது அவனோடது. அவனோடதத்தான் அந்தப் பாழாப்போன பாய்லர் முன்னால வேர்வையா ஊத்திக் காலி பண்ணிட்டு வந்து நிக்கிறீங்க. குறைஞ்சத நிரப்புங்கன்னா விரதம்ங்கிறீங்க. கோயில் விளக்குல எண்ணெய் குறைஞ்சா ஊத்த மாட்டீங்களா? ஐயா, நீங்க குத்துங்க!"

ராஜம்மா, அம்மா போட்ட சத்தத்தைக் கேட்டுக் கைதட்டினாள்.

"விளக்குக்கு எண்ணெய் ஊத்துறது தோஷமில்ல" என்றார் பண்டாரம், நிம்மதியாக.

செல்லப்பண்ணன் கையை நீட்டினார்.

காய்ச்சி ஆறவைத்த உப்புநீர் ஒரு கண்ணாடிப் போத்தலில் மேலே தொங்கியது. அதிலிருந்து ரப்பர் குழாய் இறங்கியது. "நம்ம வெட்டுன பாலு, குழாயாகி நம்மள்ட்டயே வந்திருச்சு பாரு" என்று யாரோ சொல்ல, செல்லப்பண்ணனுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் உப்பு நாக்குக்கு வந்துவிடுமோ என்று வாயை இறுக மூடிக்கொண்டுதான் சிரித்தார். போத்தல் பாதி இறங்குவதற்குள் வயிற்றுப் பந்து தளர்ந்தது. கால் நீண்டது. அப்படியே தூங்கிப்போனார்.

எழுந்ததும் அடுத்த உத்தரவு. பூசம் முடிகிறவரை பாய்லர் பக்கமே போகக்கூடாது. "வேர்க்காத வேலை பாரும். வேர்க்காட்டி உடம்பு இருக்கிற உப்பை வைச்சுச் சமாளிச்சுக்கொள்ளும்." ஸ்டோரில் வேர்க்காத வேலை ஒன்றே ஒன்றுதான். ரப்பர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, அழுக்குப் பொட்டுகளைக் கத்தரித்து எடுக்கிற வேலை. பெண்கள் நிழலில் வரிசையாக உட்கார்ந்து செய்வார்கள். அந்த வரிசையில் செல்லப்பண்ணன் கத்தரிக்கோலோடு உட்கார்ந்த அழகைப் பார்க்க ஸ்டோரே வந்து போனது.

"தங்கச்சி, வளையல் போடலையா?" என்பாள் காளியம்மா.

"உன் வளையல கழட்டிக் குடு, போட்டுக்கிறேன்."

"என் கை உன் சுண்டுவிரலுக்குக்கூடப் பத்தாது. சரி, அந்தப் பொட்ட விட்டுட்டியே, கண்ணு தெரியலையா?"

அவர் வாங்கிய வசவுக்கு அளவே இல்லை. தகட்டைக் கிழித்துக் கிழித்து வைத்தார். ஆனால் தலைசுற்றல் நின்றது. தாகத்துக்குக் கொஞ்சமாகத்தான் குடித்தார். கால் பிடிக்கவில்லை.

தைப்பூசம் வந்தது. இப்போது இன்னொரு கவலை. ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை வெயிலில், மேளத்துக்கு ஆடிக்கொண்டு, காவடியைத் தூக்கி நடக்கவேண்டும். வேர்க்காமல் முடியுமா? பாதி வழியில் கால் முறுக்கிக் காவடியோடு விழுந்தால் அவர் மனசு தாங்குமா? அண்ணி போய் டிரஸர் ஐயாவிடம் சொன்னாள். அவர் ஊசிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

ஆற்றங்கரையில் ஐயாசாமி பண்டாரம் காவடிக்காரர்களுக்கு அலகு குத்திக்கொண்டிருந்தார். மஞ்சள் துணி, சாம்பிராணிப் புகை, "வேல் வேல்" என்ற சத்தம். அதற்குள்ளே வெள்ளைக் கால்சட்டை ஒன்று நுழைந்தது. கையில் போத்தல், குழாய், ஊசிப் பெட்டி. டிரஸர் ஐயா அன்றைக்குச் சட்டையைக் கழற்றி இடுப்பில் ஒரு சால்வையைக் கட்டியிருந்தார். ஆரவாரம் பிடிக்காத மனுஷன், காதுக்குப் பக்கத்திலேயே மேளம்.

"எங்கே அந்த உப்புக்கண்டம்?" என்றார். அந்தப் பேர் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

மரக்கிளையில் போத்தலைத் தொங்கவிட்டுச் செல்லப்பண்ணன் கையில் குத்தினார். மற்றவர்களுக்குப் பண்டாரம் குத்தினார், இவருக்கு டிரஸர் ஐயா குத்தினார். அந்தக் குத்துக்கும் கூட்டம் "வேல் வேல்" என்றது. போகிறவர்கள் வருகிறவர்கள் போத்தலுக்கும் விபூதி வைத்தார்கள். ஒரு அம்மாள் பூவே சுற்றிவிட்டாள். "அதைத் தொடாதையுங்கோ, கிருமி!" என்று டிரஸர் ஐயா கத்தியது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

காவடி கிளம்பியது. ஊர்வலத்தில் காவடிக்காரருக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம் அல்லவா, வழியெல்லாம் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். டிரஸர் ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினார். "வாயிலே ஊத்தாதையுங்கோ! காலிலே ஊத்துங்கோ! தலையிலே ஊத்துங்கோ!" முதலில் முறைத்தவர்கள் பிறகு ஊற்றினார்கள், அவருடைய கால்சட்டையிலும் சேர்த்து. நனைந்துகொண்டே ஓடினார். தாகம் என்று செல்லப்பண்ணன் கண்ணைக் காட்டும்போது மட்டும் தானே ஒரு மிடறு கொடுத்தார்.

கோயில் ஏற்றத்தில் ஒரு இடத்தில் செல்லப்பண்ணன் நின்றுவிட்டார். கெண்டைக்காலைக் குனிந்து பார்த்தார். ஒரு துடிப்புத் துடித்தது, அவ்வளவுதான். "முருகா" என்று ஒரு அடி வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு மேளக்காரன் பின்தங்கிப் போகிற வேகத்தில் ஏறினார்.

சன்னிதியில் காவடியை இறக்கினார். கால் ஊன்றியபடியே நின்றது. பண்டாரம் விபூதி கொடுத்தார். டிரஸர் ஐயா நாடி பிடித்துப் பார்த்து, "காணும், காணும், ஆடினது போதும், நிழலிலே இருத்துங்கோ" என்றார். செல்லப்பண்ணன் உட்காரவில்லை.

"பண்டாரம், அவன் ஏத்துக்கிட்டானா?"

பண்டாரம் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் தனலெட்சுமி அண்ணி குழந்தையோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். உடம்பெல்லாம் விபூதியும் சந்தனமுமாக நின்ற அப்பாவை ராஜம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. வீறிட்டு அழுதாள். பிறகு காவடியைப் பார்த்தாள். அழுகையை நிறுத்தினாள். குண்டுக் கையை நீட்டி, அதிலிருந்த மயிலிறகு ஒன்றைப் பிடித்து, முழுப் பலத்தோடு இழுத்துப் பிடுங்கிவிட்டாள். செல்லப்பண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். குளிர்க்காய்ச்சலில் விரலைக்கூட மடக்க முடியாமல் கிடந்த கை அது.

"ஏத்துக்கிட்டான்" என்றார். அவர் சிரித்த சிரிப்பு ஸ்டோர்வரை கேட்டிருக்கும்.

டிரஸர் ஐயா மட்டும், "ஐயோ, வாயிலே வைக்க விடாதையும் பிள்ளை!" என்று பாய்ந்தார். ராஜம்மா அதற்குள் வைத்துவிட்டாள்.